அடைபட்ட வழியும் அறிவிக்கும் கடனும்

"வீதி மூடப்பட்டுள்ளது" என்னும் இரண்டு சொற்கள் செய்தித்தாளில் அச்சேறும்போது ஒரு வரியைக்கூட நிரப்புவதில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்து பத்திரிகை வாசிப்பவர் அவற்றைக் கடந்து அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார். ஆனால், நள்ளிரவில், காட்டு வழியின் நடுவே, முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கி நிற்க, வெளியே மழை கொட்ட, ஒரு பஸ்ஸினுள்ளே அகப்பட்டிருக்கும் ஐம்பது பேருக்கு அந்த இரண்டு சொற்கள் எத்தகைய பொருளுடையன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுள் மறுநாட் காலை பரீட்சை மண்டபத்தில் இருக்க வேண்டிய மாணவன் ஒருவன் இருப்பான்; வைத்தியசாலையில் நாள் குறிக்கப்பட்ட நோயாளி இருப்பார்; செத்த வீட்டுக்குப் போகும் மகள் இருப்பாள்; திங்கட்கிழமை பாடசாலை மணியடிக்குமுன் வன்னிக்கோ மலைநாட்டுக்கோ போய்ச் சேரவேண்டிய ஆசிரியர் இருப்பார். இவர்கள் எல்லாருடைய வாயிலும் எழும் வினா ஒன்றே: "என்ன நடந்தது? எப்போது வழி திறக்கும்?" இந்த வினாவுக்கு விடை சொல்ல எவருமில்லை என்பதே அந்த இரவின் பெருந்துன்பம். நெடுவழிப் பயணத்தில் நேரும் தடைகளைப் பற்றி இவ்வாரம் நாம் எழுத முற்படுவதும் அந்த விடையில்லாமையைக் குறித்தே.

எமது நாடு சிறிய தீவு. இதில் தொலைவழி என்று எதைச் சொல்வது என்று சிலர் கேட்கலாம். தொலைவு என்பது கிலோமீற்றரால் மட்டும் அளக்கப்படுவதன்று. ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டா, நின்ற இடத்தில் நீரும் நிழலும் உண்டா, குரல் கொடுத்தால் கேட்பதற்கு ஓர் ஊர் உண்டா என்பவற்றாலும் அது அளக்கப்படுகின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வவுனியாவைக் கடந்து வடக்கே செல்பவருக்குப் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எனச் சில ஊர்களை விட்டால் நெடுந்தூரம் காடே துணை. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குச் செல்லும் வீதி, மகாவலி பெருகும் ஆண்டுகளில் மன்னம்பிட்டிப் பக்கத்தில் நீருள் மறைகின்றது. பதுளைக்கும் ஹப்புத்தளைக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் பாதைகளில், ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. மண்மேடு ஒன்று சரிந்தால் பின்னோக்கித் திரும்புவதற்கும் இடமிராது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும்வரை, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழியாக வாகனத்திற் செல்பவருக்கு ஆனையிறவே நெடுஞ்சாலை வாசலாக இருந்தது. அந்த ஒரு வாசல் அடைபட்டால் என்னாகும் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் பட்டறிந்தது.

வழித்தடைகளைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டால், பொறுமை வேண்டும் என்று பெரியோர் சொல்வர். பொறுமை நல்ல குணந்தான். அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், எதற்காகக் காத்திருக்கிறோம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அறிந்தவனுக்கே பொறுமை இயலும். ஒன்றும் அறியாமல் இருப்பவனிடம் பொறுமையைக் கேட்பது, இருட்டறையில் அடைக்கப்பட்டவனிடம் வழி பார்த்து நடக்குமாறு கேட்பதற்கு ஒப்பாகும். ஆகவே, அடைபட்ட வீதியில் நிற்பவனுக்குச் செய்யத்தக்க முதல் உதவி உண்மையான செய்தி. அடுத்தது, தங்கியிருக்க ஓர் இடம். மூன்றாவதே அவனுடைய பொறுமை. இந்த வரிசை இன்று எம்மிடையே தலைகீழாகக் கிடக்கின்றது என்பதே எமது முறைப்பாடு.

இவ்வுண்மையைத் தமிழர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வந்த ஒருவன், இனிமேற் செல்ல இருக்கும் ஒருவனை எதிர்ப்பட்டு, வள்ளலின் பெருமையைச் சொல்லி அவனிடத்துக்கு வழிப்படுத்துவதாக அமைந்தவை இப்பாட்டுகள். திருமுருகாற்றுப்படை இறைவனிடத்து வழிப்படுத்துவது; எஞ்சியவை புரவலரிடத்து வழிப்படுத்துவன. வகுப்பறையிலே நாம் இவற்றை வள்ளலின் கொடைச் சிறப்புக்காகவும் வருணனை நயத்துக்காகவும் படிக்கின்றோம். ஆனால், கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாத்தை வழிப்போக்கனின் கண்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. எந்த இடத்திலே பன்றிக்கு வைத்த பொறி மறைந்திருக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே பாசி படர்ந்து கால் வழுக்கும், எவ்விடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று அது அடுக்கிக்கொண்டே போகின்றது. வழி கவர்த்துப் பிரியும் இடங்களில், பின்னால் வருபவர் தவறிப் போகாவண்ணம், வழியைத் துடைத்துச் செம்மையாக்கிப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறும் அப்பாட்டுக் கூத்தருக்கு அறிவுறுத்துகின்றது. முன்னே செல்பவன் பின்னே வருபவனுக்குக் கடமைப்பட்டவன் என்னும் அறம், அந்தப் புல் முடிச்சிலே அடங்கிக் கிடக்கின்றது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையும் இதையே காட்டும். மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளை எடுத்துச் சொல்கின்றான். ஒவ்வொரு வழியிலும் உள்ள இயல்பும் இடரும் இவையென விரித்துரைக்கின்றான். கோடை தீய்த்து நிலம் பாலையாகிக் கிடக்கும் காலம் அது என்பதையும் அறிவுறுத்துகின்றான். எந்த வழியாற் செல்வது என்ற முடிவு கேட்பவனுடையது. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யும் நிலைக்கு அவனை விட்டுவிடுவது அறமன்று என்பது அக்காலத்து மனிதனுக்குத் தெரிந்திருந்தது. காட்டு வழியிலே எதிர்ப்பட்ட ஒருவன் செய்த அப்பணியை இன்று கம்பியும் கம்பியில்லாத் தந்தியும் கைத்தொலைபேசியும் கொண்ட ஓர் அரசு செய்யத் தவறுமாயின், அது நாணத்தக்கது அன்றோ?

செய்திக்கு அடுத்தது தங்குமிடம். இதனையும் எமது முன்னோர் எண்ணி வைத்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் ஒன்றாய் அமைந்திருந்ததை முதியோர் அறிவர். வழிநடப்பவனுக்கு மடம், தாகத்துக்குக் கேணி, தலைச்சுமைக்குச் சுமைதாங்கி, வண்டி மாட்டின் தினவுக்கு ஆவுரோஞ்சிக்கல் என, மனிதனுக்கும் விலங்குக்கும் வேண்டுவனவெல்லாம் அங்கே கருதப்பட்டிருந்தன. கருவுற்றிருந்து இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழர் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு ஒருத்தி மறைந்தாள். வேறொருவர் தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்னும் கருணை அதில் உண்டு. பருத்தித்துறைத் தும்பளை வீதியில் இன்றும் நிற்கும் தெருமூடி மடம், தெருவின் மேலேயே கூரை வேய்ந்து, இருமருங்கும் திண்ணை அமைத்து, வெயிலிலும் மழையிலும் வழிச்செல்வோரைத் தாங்கியது. சிங்கள மக்களின் அம்பலங்களும் இதே நோக்கத்தோடு எழுந்தவையே. நின்று செல்ல நேர்வது பயணத்தின் குற்றமன்று, அதன் இயல்பு என்பதை இக்கட்டடங்கள் சொல்லாமற் சொல்லின. இன்றைய நெடுஞ்சாலையோ ஓடுபவனுக்காக மட்டும் அமைக்கப்பட்டது. நிற்க நேர்ந்தவனுக்கு அதில் இடமில்லை.

இதன் விளைவை 2025 நவம்பர் இறுதியில் நாடு கண்டது. டித்வா புயல் தீவைக் கடந்த அந்நாட்களில், வீதிகளும் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் இடத்துக்கிடம் துண்டிக்கப்பட்டன. மலைநாட்டில் ஊர்கள் பல நாட்கணக்கில் தனித்துக் கிடந்தன. நடைபெற்றுக்கொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. அப்போது கலாஓயா பெருக்கெடுத்துப் பாய்ந்த இடத்தில் பஸ் ஒன்று அகப்பட்டது. அதிலிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகள், அருகிலிருந்த வீடொன்றின் கூரையில் ஏறியிருந்து, ஏறத்தாழ ஒரு முழுநாள் நீடித்த முயற்சியின் பின்னரே மீட்கப்பட்டனர். உயிர் தப்பியது பெரும்பேறு. எனினும், அத்தகைய வெள்ளத்துக்குள் பஸ் ஒன்று செல்ல நேர்ந்தது ஏன் என்ற வினா, மீட்புப் பணியின் மகிழ்ச்சியிலே மறைந்து போகலாகாது.

பெருகும் நீருக்குள் வாகனத்தைச் செலுத்துபவர்களை அசட்டுத் துணிச்சற்காரர் என்று ஏசிவிட்டு அமைவது எளிது. உண்மை வேறு. பின்னால் நிற்கும் வாகனங்கள் ஒலியெழுப்புகின்றன, பயணிகள் முணுமுணுக்கின்றனர், எதிர்ப்புறமிருந்து வந்த ஒருவன் "நான் வந்தேனே, போகலாம்" என்கின்றான், நேரந் தவறினால் கேள்வி கேட்க முதலாளி இருக்கின்றார். இத்தனைக்கும் நடுவே, நீரின் ஆழம் எவ்வளவு, மேலேயுள்ள குளத்தின் வான்கதவு திறக்கப்பட்டுள்ளதா என்பவற்றை அறியாத சாரதி ஒருவர் தனியராய் முடிவெடுக்கிறார். அவரைத் தனியராக விட்டதே குற்றம்.

நீரின் வலிமையை நாம் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கன மீற்றர் நீரின் எடை 1,000 கிலோகிராம். சிறிய மோட்டார்க் காரொன்றின் அடித்தட்டுக்கு மேலே ஒரு சாண் அளவு நீர் உயருமானால், காரின் எடை முழுவதையும் அந்நீரே தாங்கத் தொடங்கிவிடுகின்றது. சில்லுகள் நிலத்தைப் பற்றும் பிடி தளர்கின்றது. பிறகு ஓட்டத்தின் ஒரு தள்ளுதலே போதும். ஓடும் நீர் அரையடி உயரமிருந்தால் வளர்ந்த மனிதன் நிலைதடுமாறுவான். ஓரடி நீர் சிறிய கார்களை இழுத்துச் செல்லும். ஈரடி நீர் பெரும்பாலான வாகனங்களைப் புரட்டிவிடும். இவற்றுக்கு மேலாக, கலங்கிய நீரின் அடியில் வீதி இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டுவிட்டதா என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. ஒருவன் கடந்து வந்தான் என்பது அடுத்தவன் கடப்பான் என்பதற்குச் சான்றாகாது. அந்தக் கால்மணி நேரத்துக்குள் ஆறு வேறு ஆறாகியிருக்கும்.

மலைப்பாதையின் நீதி வேறு. அங்கே, நிற்பதே போதாது. எங்கே நிற்கிறோம் என்பதும் உயிருக்குரிய வினா. 2025 நவம்பர் 22 ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியோரத்துக் கடையொன்றின் மீது மண்மேடு சரிந்து விழுந்து உயிர்களைப் பறித்தது. ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து, கடையோரம் ஒதுங்கினால் காப்பு என்று மனம் இயல்பாக எண்ணுவதை அந்நிகழ்ச்சி பொய்யாக்கியது. வெட்டப்பட்ட மலைச்சரிவின் அடியில் வாகனத்தை நிறுத்துதல் தகாது. சரிவிலே புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்களும் கம்பங்களும், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர், ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நின்றுபோதல் ஆகியன மண் நகர்வதன் அடையாளங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளாக வகுத்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றரானால் ஆயத்தம். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், இடம்விட்டு நீங்குதல். இந்த மூன்று எண்களும் மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றின் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது எமது எண்ணம். ஏனெனில், பொதுமக்கள் அறியாத எச்சரிக்கை, அலுவலகத்துக் கோப்பிலே கிடக்கும் எண்ணாகவே முடியும்.

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லாமல் இருத்தற்கில்லை. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13 ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருந்தும், 2025 ஆம் ஆண்டின் அவ்வெள்ள நாட்களில் அபாய அறிவிப்புகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மொழியுரிமையை மேடைக்குரிய பொருளாகவும் விண்ணப்பப் படிவத்துக்குரிய பொருளாகவும் மட்டுமே எண்ணிப் பழகியவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். இருண்ட வீதியில் நட்டிருக்கும் பலகையொன்று "முன்னே பாலம் இல்லை" என்று வாசிப்பவனுக்குத் தெரியாத மொழியிலே சொல்லுமாயின், அது பலகையே அன்று, வெறும் மரத்துண்டு. அதுபோலவே, யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வரும் சிங்களச் சாரதிக்குச் சிங்களத்தில் அறிவிப்பதும் எமது கடனே. ஆபத்தின் முன்னே மொழி என்பது பெருமைக்குரிய பொருளாயிருப்பதற்கு முன்பு, உயிர் காக்கும் கயிறாக இருத்தல் வேண்டும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்று நோக்குதலும் பயன்தரும். மறுவழியில்லாத் தொலைவழிக்கு அவுஸ்திரேலியாவின் ஐயர் நெடுஞ்சாலையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். தெற்கு அவுஸ்திரேலியாவையும் மேற்கு அவுஸ்திரேலியாவையும் இணைத்து, மரங்களற்ற நல்லாபோர் வெளியினூடே 1,600 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது அது. அதன் ஒரு பகுதியில் 146 கிலோமீற்றர் தூரம் ஒரு வளைவுகூட இல்லை. ஒரு தங்குகடையை விட்டால் அடுத்தது 180 கிலோமீற்றருக்கு அப்பால் என்னும் இடங்களும் உண்டு. 2019 ஆம் ஆண்டின் முடிவில் எழுந்த காட்டுத்தீயினால் இந்த வீதி பன்னிரண்டு நாட்களளவில் மூடப்பட்டது. 2020 ஜனவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. சரக்கு லொறிச் சாரதிகளும் விடுமுறைப் பயணிகளும் நோர்ஸ்மன், கைகூனா போன்ற சிற்றிடங்களில் நாட்கணக்காகத் தங்கினர். சுற்றிச் செல்வதாயின் பல்லாயிரம் கிலோமீற்றர் போக வேண்டும்.

அந்நாட்டிலும் தீயும் வெள்ளமும் உயிர்களைக் கொள்ளாமல் இல்லை. அவர்களுடைய ஏற்பாடுகள் குறையற்றவை என்று நாம் சொல்லவில்லை. எனினும், அங்கே ஒரு வழக்கம் எமது கருத்தைக் கவர்கின்றது. உட்பகுதி வீதிகள் தொடங்கும் இடத்திலேயே ஒரு பெரிய பலகை நிற்கும். அந்த வீதியின் பகுதிகள் ஒவ்வொன்றும் அதில் வரிசையாக எழுதப்பட்டு, எது திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்று காட்டப்பட்டிருக்கும். இருநூறு கிலோமீற்றர் ஓடிச் சென்று தடையைக் கண்ட பின்பு அறிவதற்கும், புறப்படும் ஊரிலேயே அறிவதற்கும் உள்ள வேறுபாடு எத்துணைப் பெரியது! முன்னதில் பயணி அகப்பட்டவன். பின்னதில் அவன் தேர்ந்து முடிவு செய்பவன். தொழில்நுட்பம் பெரிதாக வேண்டாத பணி இது. ஒரு பலகை, அதில் திருப்பி மாட்டத்தக்க சில தகடுகள், அவற்றை நாள்தோறும் மாற்றுவதற்குப் பொறுப்பான ஒரு கை. வவுனியாவிலும் தம்புள்ளையிலும் ஹபரணையிலும் மகியங்கனையிலும் இத்தகைய பலகைகளை நிறுத்துவதற்கு நாம் வெளிநாட்டுக் கடன் கேட்க வேண்டியதில்லை.

வழி அடைபடுதல் இயற்கையின் செயலாக மட்டும் எமது மக்களுக்கு வாய்க்கவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். போர் நடந்த தொண்ணூறுகளில், ஏ-9 வீதி மூடுண்டு கிடந்தபோது, கிளாலிக் கடனீரேரியை இருளிலே படகிற் கடந்து உயிரைக் கையிற் பிடித்துச் சென்ற குடும்பங்கள் எத்தனை! 2002 பெப்ரவரியில் அவ்வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்தபின், 2009 ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குப் படிப்படியாகத் திறந்தது. அந்த ஆண்டுகளில் எமது மக்கள் காத்திருக்கக் கற்றனர். வரிசையில் நிற்கவும், அயலவரின் குழந்தையை மடியிலேந்தவும், கட்டுச்சோற்றைப் பகிரவும் கற்றனர். கூடவே, வதந்தியை நம்பவும், அறிவித்தலை ஐயுறவும் கற்றனர். முன்னவை காக்கத்தக்க செல்வங்கள். பின்னது, சொல்ல வேண்டியவர் சொல்லாமலிருந்ததால் விளைந்த நோய். அந்நோயை நீக்க வேண்டுமானால், சமாதான காலத்து அறிவித்தல்கள் ஒவ்வொன்றும் உண்மையாக இருத்தல் வேண்டும். "தெரியவில்லை, மாலை ஆறு மணிக்கு மறுபடியும் அறிவிப்போம்" என்று சொல்வதுகூட ஓர் உண்மையான அறிவித்தலே. அதைக் கேட்டவன் ஆறு மணி வரையேனும் அமைதியாக இருப்பான்.

அரசின் கடனைப் பேசியதால் பயணியின் கடன் இல்லையென்று ஆகாது. மழைக்காலத்தில் நெடுவழி செல்வோர் ஒவ்வொருவரும், பயணம் இரு மடங்கு நேரம் எடுக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு புறப்படல் வேண்டும். குடிநீர், உலருணவு, ஒருநாளுக்கு மேலதிகமாக மருந்து, குழந்தைக்கு வேண்டியவை, ஒரு போர்வை, ஒரு கைவிளக்கு ஆகியன பெருஞ்சுமை அல்ல. எரிபொருட் கலம் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிக்கொள்ளலாம். எந்த வழியாகச் செல்கிறோம், எப்போது சேர்வோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்லிச் செல்லலாம். கைத்தொலைபேசியை வதந்தி படிப்பதற்குச் செலவிடாமல், அதன் உயிரை அவசரத்துக்காகச் சேமிக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசாரின் 119, நோயாளர் வண்டிக்கான 1990 ஆகிய மூன்று இலக்கங்களையும் சிறுவர்கூட மனனஞ் செய்திருத்தல் நன்று. வீதிக்குக் குறுக்கே இட்ட தடையை விலக்கிச் செல்பவன் தன்னுயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. தன்னை மீட்க வரும் ஒருவனின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கின்றான். எல்லாவற்றுக்கும் மேலாக, "திரும்புவோம்" என்று சொல்லும் சாரதியை ஏளனஞ் செய்யாத பண்பு பயணிகளுக்கு வேண்டும். முன்னே செல்ல ஒரு நொடித் துணிவு போதும். ஐம்பது பேரின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு பின்னே திரும்புவதற்கே உண்மையான துணிவு தேவை.

ஆகவே, பொறுப்பிலுள்ளோரிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, நெடுஞ்சாலைகள் கிளைக்கும் நகர்களில், எந்தப் பகுதி திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது, அடுத்த அறிவித்தல் எத்தனை மணிக்கு என்பவற்றை மும்மொழியிலும் எழுதி வைக்கும் பலகைகள். அதே செய்தி அதே வேளையில் வானொலியிலும் வருதல் வேண்டும். இரண்டாவது, தொலைவழிகளின் ஓரத்திலே, மேட்டு நிலத்தில் அமைந்த பாடசாலைகள், கோயில் மண்டபங்கள், பள்ளிவாசல்கள், விகாரைகள், தேவாலயங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிந்து, வழியில் அகப்பட்டோர் தங்குவதற்கெனக் குறித்து வைத்தல். அங்கே நீரும் கழிப்பிடமும், பெண்களுக்குத் தனியிடமும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, ஆபத்தை முன்னிட்டுப் பயணத்தை நிறுத்தும் அல்லது திருப்பும் சாரதி எவரும், அரச பஸ்ஸாயினும் தனியார் பஸ்ஸாயினும், அதற்காகச் சம்பளம் வெட்டப்படவோ வேலை நீக்கப்படவோ கூடாது என்னும் உறுதி. இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவுடையதன்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது எமது மக்களின் பழமொழி. செய்தியும் ஓர் அணையே.

இலக்கிய வாசகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர், அப்பாடத்தின் முடிவில் மாணவரிடம் ஒரு பயிற்சியைக் கொடுக்கலாம்: "உங்கள் ஊருக்கு வரும் வீதியில் எந்த இடம் முதலில் நீருள் மறையும்? எந்த மதகு அடைபடும்? எந்தச் சரிவு முன்பு எப்போது இடிந்தது? இரவில் அகப்பட்டவர் தங்குவதற்கு உகந்த மேடு எது?" பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதி வரும்படி சொல்லலாம். பழைய வெள்ளம் எந்தத் தூணில் எந்தப் படிவரை ஏறியது என்பதை ஊரின் முதியவள் ஒருத்தி அறிவாள். எந்த அலுவலகத்துக் கோப்பிலும் அது இராது. வாசகர் வட்டங்களும் சனசமூக நிலையங்களும் இக்குறிப்புகளைத் திரட்டி, ஊர்தோறும் ஒரு சிறு கையேடாக்கலாம். அவ்வேடு பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பஸ் சாலைக்கும் போய்ச் சேருமானால், எமது காலத்து ஆற்றுப்படையாக அது விளங்கும்.

அடுத்த மாரி வரத்தான் செய்யும். ஆறுகள் பெருகும், சரிவுகள் இளகும், வழிகள் சில அடைபடும். அதனைத் தடுக்க மனிதனால் முற்றாக இயலாது. ஆனால், வழி அடைபட்ட இடத்திலே நிற்பவனை அறியாமையில் விட்டுவிடாமலிருக்க முற்றாக இயலும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மலைவழியின் கவரிலே நின்று, முகமறியாத ஒருவனுக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகுமாறு கூத்தருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கூத்தர் வறியவர், பசித்தவர், நெடுந்தூரம் செல்ல வேண்டியவர். அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட கடமையை, அவர்களினும் எத்தனையோ வசதி படைத்த நாம் செய்யாதிருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் யாதும் இல்லை.